'வேண்டாம்' விற்பனைக்கு இல்லை

போன வருஷம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் வெண்டை போட்டேன். தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம், செம்மண் என்று எல்லாம் கலந்து, ஒரு பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டேன். முளைத்தது. நாலு இலை, எட்டு இலை என்று வந்தது. ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்த்தால், இலை நரம்பெல்லாம் மஞ்சள். பச்சை இலையில் யாரோ மஞ்சள் மார்க்கரால் ரோடு மேப் வரைந்த மாதிரி.

இலையைக் கிள்ளி ஒரு கவரில் போட்டுக்கொண்டு நர்சரிக்கு ஓடினேன். கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கும் டாக்டர் தோற்றார். "சத்துக் குறைபாடு சார்" என்று ஒரு பாக்கெட். "பூச்சியும் இருக்கும்போல" என்று ஒரு பாட்டில். "கூடவே ஒரு டானிக் அடிச்சுடுங்க, கும்முனு வந்துடும்" என்று இன்னொரு பாட்டில். பில் 640 ரூபாய்.

அடித்தேன். கும்மென்று வந்தது மஞ்சள்தான். பன்னிரண்டு பைக்கும் பரவியது.

அடுத்த தெருவில் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். வாக்கிங் வந்தவரை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூச்சு வாங்க ஏறியவர், செடியிலிருந்து நாலடி தள்ளி நின்றே சொன்னார். "மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ். வெள்ளை ஈ பரப்புது. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, பிடுங்கிப் போடுங்க. அடுத்த தடவை இந்த நோயைத் தாங்குற ரகமாப் பார்த்து விதைங்க."

அவ்வளவுதான். பில் கிடையாது.

வெண்டைச் செடி செத்ததற்கு ஒரு பக்கக் கட்டுரையா என்று கேட்காதீர்கள். எனக்குப் போனது 640 ரூபாயும் கொஞ்சம் தன்மானமும். மாசச் சம்பளம் வருகிற ஆசாமி. இதே நாடகம் நிஜ வயலில் நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா வயலில் நடந்தது.

சித்தப்பாவுக்குக் கும்பகோணம் பக்கம் இரண்டரை ஏக்கர். சில வருஷங்களுக்கு முன்னால் சம்பா நன்றாக வந்திருந்தது. கரும்பச்சை. பார்த்தவர்கள் கண் பட்டுவிடும் என்று சித்தி பயந்த அளவுக்குப் பச்சை. கண் படவில்லை, புகையான் பட்டது. தூர்க்கட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற குட்டிப் பூச்சி. சித்தப்பா கடைக்குப் போனார். ஒரு மருந்து கொடுத்தார்கள். அடித்தார். ஒரு வாரம் அடங்கியது. பிறகு முன்னைவிட ஜாஸ்தியாக வந்தது. வேறு மருந்து. மூன்றாவது தடவை இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து கொடுத்தார்கள். வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்தது, யாரோ அங்கங்கே தீ வைத்துவிட்டுப் போன மாதிரி. புகையான் என்ற பெயர் ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தபோது கடைப் பாக்கி மட்டும் 11,400 ரூபாய். நான் பி.காம். படித்தவன் என்பதால் கணக்கு நோட்டு என் கையில் வந்தது. நெல்லில் வந்த வரவையும் அந்தப் பாக்கியையும் எதிரெதிரே எழுதிவிட்டு, கூட்டல் போடாமல் நோட்டை மூடினேன்.

இதில் என்ன கொடுமை என்றால், புகையான் ஒன்றும் விஞ்ஞானத்துக்குப் புதிரான பூச்சி இல்லை. நாற்பது, ஐம்பது வருஷமாகத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். சில வகை மருந்துகள், குறிப்பாக செயற்கை பைரித்ராய்டு வகை, புகையானைக் குறைப்பதற்குப் பதில் பெருக்கிவிடும். ஏன் என்றால், வயலில் புகையானைத் தின்று வாழும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப் பூச்சியும் அந்த மருந்தில் முதலில் செத்துப்போகும். போலீஸை ஒழித்துவிட்டுத் திருடனைத் தேடுகிற கதை. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். வயலில் தண்ணீரை வடித்துக் காய விட்டு, திரும்பக் கட்ட வேண்டும். யூரியாவை அளவோடு, பிரித்துப் போட வேண்டும். நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு, காற்றும் வெயிலும் தூருக்குள் போக வழி செய்ய வேண்டும். மருந்து என்பது எல்லாம் தாண்டிய பிறகு, அதுவும் எது என்று பார்த்து, தூரில் படும்படி அடிக்க வேண்டியது. பல்கலைக்கழகம் போடுகிற சாகுபடிக் கையேட்டில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

தண்ணீரை வடிப்பதற்கு என்ன செலவு? ஒரு மண்வெட்டி. பட்டம் விட? ஒரு கயிறு. இதைச் சித்தப்பாவுக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? மண்வெட்டிக்கும் கயிற்றுக்கும் கமிஷன் கிடையாதே.

கடைக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவரைக் கொஞ்சம் பார்ப்போம். காலை ஆறு மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குகிறார். விவசாயி வந்து வாடிய இலையைக் காட்டினால் முகம் கொடுத்துப் பேசுகிறார். பாரம் நிரப்பச் சொல்வதில்லை, ஆதார் கேட்பதில்லை. கையில் காசில்லை என்றால் "அறுப்புல பார்த்துக்கலாம்ணே" என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். இந்த நாட்டில் ஒரு சின்ன விவசாயிக்கு ஜாமீன் இல்லாமல், கையெழுத்து இல்லாமல், அஞ்சு நிமிஷத்தில் கடன் கொடுக்கிற ஒரே நிறுவனம் உரக்கடைதான். ஆனால், கடன் கொடுத்தவர் எடுத்து வைக்கிற பாட்டிலை "இது வேண்டாங்க" என்று சொல்லும் தைரியம், பழைய பாக்கி வைத்திருக்கிற ஒருத்தருக்கு வருமா?

நாம் அந்தக் கடைக்கு வைத்திருக்கிற பெயரைப் பாருங்கள். மருந்துக்கடை. மருந்து அடிப்பது என்கிறோம். மண்டை ஓடு போட்ட பாட்டிலை உலகத்தில் எத்தனை பேர் மருந்து என்று கூப்பிடுகிறார்களோ தெரியாது. நாம் கூப்பிடுகிறோம். மருந்து என்றால் யாராவது பயப்படுவார்களா? முகமூடி, கையுறை போடுவார்களா? 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி அடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தற்கொலை இல்லை. வேலைக்குப் போன இடத்தில், சுவாசித்தே செத்தார்கள்.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஆடிட்டிங் பாடம் எடுத்த வாத்தியார் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கணக்கு எழுதுகிறவனே அதைத் தணிக்கை பண்ணக் கூடாது. எழுதுகிறவன் யோக்கியனாக இருந்தாலும் கூடாது. அவன் யோக்கியனா இல்லையா என்பது கேள்வியே இல்லை. இங்கே நோயைக் கண்டுபிடிப்பவரும், மருந்து எழுதுபவரும், விற்பவரும், அதற்குக் கடன் கொடுப்பவரும் ஒரே ஆள். நாலு நாற்காலி, ஒரே மனிதர். அவர் மகாத்மாவாகவே இருந்தாலும் மாதக் கடைசியில் கம்பெனி டார்கெட் என்று ஒன்று இருக்கிறதே!

இது அரசாங்கத்துக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 2003ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் விவசாயிகள் நிலை பற்றிப் பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. நவீன விவசாயம் பற்றி ஏதாவது ஒரு வழியில் தகவல் பெற்ற குடும்பங்கள் நூற்றுக்கு 40தான். உர, மருந்துக் கடைக்காரரிடம் கேட்டவை நூற்றுக்கு 13. அரசாங்கத்தின் விரிவாக்கப் பணியாளர் மூலம் பெற்றவை நூற்றுக்கு ஆறுகூட இல்லை. அதே 2003ல் ஹைதராபாத்தில் இருக்கிற 'மேனேஜ்' என்ற மத்திய அரசு நிறுவனம் ஒரு டிப்ளமோ ஆரம்பித்தது. யாருக்கு? உரக்கடை, மருந்துக்கடைக்காரர்களுக்கு. 48 வாரம், வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பு. கடைக்காரர்தான் ஆலோசகர் என்று ஆகிவிட்டது, அவருக்காவது நாலு விஷயம் கற்றுக்கொடுப்போம் என்ற எண்ணம். தப்பு சொல்ல முடியாது. ஆனால், இதற்குப் பெயர் தீர்வா, சரணாகதியா?

சரி, கடைக்காரரை விடுங்கள். இந்த நாட்டில் விவசாயிக்கு மிகச் சத்தமாகக் கொடுக்கப்படும் ஆலோசனை எது தெரியுமா? விலைச் சீட்டு.

2010 ஏப்ரலில் மத்திய அரசு சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒன்று கொண்டு வந்தது. டிஏபி, பொட்டாஷ் விலையை அவிழ்த்துவிட்டார்கள். யூரியா விலையை மட்டும் இழுத்துக் கட்டியே வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ஒரு மூட்டை பொட்டாஷ் சுமார் 225 ரூபாய். இன்றைக்கு அது டிஏபி விலையையே தாண்டி நிற்கிறது. டிஏபி 1,350. யூரியா? 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. நீங்கள் விவசாயியாக இருந்தால் எதை அள்ளிப் போடுவீர்கள்?

2015ல் மண்வள அட்டை என்ற திட்டம் வந்தது. மண்ணை எடுத்துப் பரிசோதித்து, இத்தனை தழைச்சத்து, இத்தனை மணிச்சத்து, இத்தனை சாம்பல்சத்து என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால், ஒரு பக்கம் 'யூரியாவைக் குறை' என்று அட்டை. மறு பக்கம் 'என்னை எடுத்துக்கோ, நான்தான் சீப்' என்று மூட்டை. அட்டை ஜெயிக்குமா, மூட்டை ஜெயிக்குமா? அள்ளிப் போட்ட யூரியாவில் பயிர் கரும்பச்சையாகக் கொழுக்கும். கொழுத்த பயிர் புகையானுக்குக் கல்யாண விருந்து. புகையான் வந்தால் மருந்து. சித்தி கண் படும் என்று பயந்த அந்தப் பச்சை இருக்கிறதே, அது டெல்லியில் போட்ட விலையின் நிறம். ஒரு கொள்கை முடிவு எப்படி ஒரு பாட்டிலாக மாறி என் சித்தப்பா கணக்கு நோட்டில் ஏறுகிறது என்று எந்தப் பொருளாதார நிபுணராவது வரைபடம் போட்டால் நன்றாக இருக்கும்.

இனி அதிகாரி. பழைய ஆட்கள் இன்னமும் 'டெப்போ' என்று சொல்லும் வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனால், உதவி வேளாண் அலுவலர் இருக்க மாட்டார். அவரையும் திட்டாதீர்கள். அவர் கையில் விதை விநியோகம், மானியப் பட்டியல், பயிர்க் காப்பீட்டுக் கணக்கு, மகசூல் மதிப்பீட்டு அறுவடை, தவிர ஆப்பில் ஏற்ற வேண்டிய போட்டோ. கிராமம் கிராமமாகப் பல ஊருக்கு ஒரே ஆள். வேளாண்மையில் பட்டமோ பட்டயமோ வாங்கியவரை மானிய குமாஸ்தா ஆக்கி வைத்திருக்கிறோம். இருதய டாக்டரை ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்த மாதிரி. 1980களில் உலக வங்கிப் பணத்தில் 'டி அண்ட் வி' என்று ஒரு திட்டம் இருந்தது. இன்ன கிழமை, இன்ன ஊரில், இன்ன விவசாயி வயலில் அதிகாரி நிற்க வேண்டும் என்று நாள் குறித்து வைத்தார்கள். அதில் ஆயிரம் ஓட்டை உண்டு. ஆனாலும் ஆள் வருவார். பணம் நின்றது, வருகையும் தேய்ந்தது.

ஆள் வராவிட்டால் என்ன, துண்டுப் பிரசுரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் 'எக்டருக்கு 500 மி.லி. தெளிக்கவும்' என்று போட்டிருக்கும். டெல்டாவில் நிலத்தைச் சொல்வது மாக்கணக்கில். ஒரு மா கிட்டத்தட்ட 33 சென்ட். ஓர் எக்டர் 247 சென்ட். இரண்டு மா வைத்திருப்பவருக்கு எத்தனை மி.லி.? பி.காம். படித்த எனக்கே பேப்பர், பேனா தேவைப்பட்டது. சுமார் 133 மி.லி. எக்டருக்கு 500 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் பத்து லிட்டர் டேங்குக்கு 10 மி.லி. இதை 'டேங்குக்கு 10 மி.லி., மா ஒன்றுக்கு ஆறரை டேங்க்' என்று அச்சடித்தால் விஞ்ஞானத்தின் கௌரவம் குறைந்துவிடுமா? கடைக்காரர் எப்படிச் சொல்கிறார் பாருங்கள். "டேங்குக்கு ரெண்டு மூடி." எவ்வளவு தெளிவு! தப்பான ஆலோசனை தெளிவான தமிழில் இருக்கிறது. சரியான ஆலோசனை எக்டரில் இருக்கிறது.

விஞ்ஞானிகளை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அவர்களுக்குப் பதவி உயர்வு எதை வைத்து வருகிறது? ஆய்விதழில் வந்த கட்டுரையை வைத்து. எந்த ஆய்விதழுக்கு எத்தனை மதிப்பெண் என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. ஒரு விவசாயியைத் தேவையில்லாத மூன்று ஸ்பிரேயில் இருந்து காப்பாற்றியதற்கு அந்தப் பட்டியலில் மதிப்பெண் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு கோஷ்டி கையைத் தட்டும். "பார்த்தீங்களா, விஞ்ஞானமே தண்டம் சார். ஆராய்ச்சி நிலையத்தை எல்லாம் இழுத்து மூடிட்டு, தாத்தா செஞ்ச மாதிரி செய்யணும்." மன்னிக்கவும், நான் உங்கள் கட்சி இல்லை.

2008ல் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு புதுப் பூச்சி தலைகாட்டியது. பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ. எந்தத் தாத்தாவும் பார்த்திராத பூச்சி. பப்பாளியில் ஆரம்பித்து மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று கண்டதையும் பிடித்தது. மரத்தில் பஞ்சு வெடித்த மாதிரி வெள்ளையாக மூடிக்கொள்ளும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரித் தோட்டத்தையே வேரோடு பிடுங்கினார்கள். மருந்துக்கடைகளில் நல்ல வியாபாரம். அடித்தார்கள், அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். பூச்சி மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. செத்தது அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்.

அப்புறம் நடந்ததுதான் ஆராய்ச்சி. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்தார், இந்தப் பூச்சியின் பரம வைரிகளான மூன்று வகைக் குட்டிக் குளவிகளை 2010ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து தருவித்தார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்று, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து, உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும். வேறு எதையும் தொடாது என்று சோதித்துப் பார்த்த பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பெருக்கி, வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரே ஒரு நிபந்தனை. மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் குளவி செத்துவிடும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. இரண்டு வருஷம் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்தும் நடக்காததைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி செய்து முடித்தது.

இந்தக் குளவிக்கு நீங்கள் டி.வி.யில் விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா? சுவர் விளம்பரம்? டீலர்களுக்குத் தாய்லாந்து டூர்? கிடையாது. அது தானே பெருகும், யாரும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டாம். வியாபார பாஷையில் அதற்குப் பெயர் தோல்வி. அதனால்தான் இந்த வேலையை அரசாங்க ஆராய்ச்சிதான் செய்ய வேண்டும், வேறு எவரும் செய்ய மாட்டார்கள்.

எல்லாமே இப்படிச் சுபமாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. ரசாயனம் அடிக்காதே, என்கார்சியா என்ற ஒட்டுண்ணி தானாகவே வரும், அதைக் காப்பாற்று, மஞ்சள் ஒட்டும் பொறி கட்டு, ஓலையில் படியும் கரும்பூசணத்துக்கு மைதா பசை தெளி என்றார்கள். மைதாவா என்று விவசாயிகள் சிரித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள். பூச்சி முழுக்கப் போகவில்லை, இன்னமும் தொல்லைதான். ஆனால், 'அடிக்காதே' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் அடுத்த மாதமும் வந்து தோப்பில் நிற்க வேண்டும். ஒட்டுண்ணி வந்ததா, எத்தனை ஓலையில் வந்தது என்று கூட இருந்து எண்ணிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'அடிக்காதே' என்பது ஆலோசனையாகத் தெரியாது, கைகழுவுவதாகத் தெரியும்.

நம்மாழ்வார் பின்னால் ஏன் அவ்வளவு கூட்டம் போனது? 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர் அவர். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லாதவை உண்டு. ஆனால், பச்சைத் துண்டோடு வரப்பில் உட்கார்ந்து, விவசாயி பாஷையில், விற்பதற்கு எதுவும் கையில் இல்லாமல் பேசினார். அந்த மூன்றும் அரசாங்கத்திடம் இருந்திருந்தால்?

ஒரு காலத்தில் இருந்ததே! 1922ல் ஆரம்பித்த ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்று ஒரு ரகம் வந்தது. நம்மூர் ஜி.இ.பி. 24ஐயும் ஜப்பானிய நோரின் 10ஐயும் கலந்து உருவாக்கியது. சுமார் 105 நாளில் அறுக்கலாம், குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலியில் விவசாய நிகழ்ச்சியில் அதைப் பற்றி விடாமல் பேசினார்கள். நாற்றங்காலில் இருந்து அறுவடை வரை, கேட்கிறவர் வயலில் அந்த வாரம் என்ன வேலையோ அதை அந்த வாரமே சொன்னார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த நெல்லுக்குப் பெயரே 'ரேடியோ நெல்' என்று ஆகிவிட்டது. ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு பெட்டி. அதில் விற்க எதுவும் இல்லாத ஒரு குரல்.

இன்னொரு நாடு, அதே புகையான். 1986ல் இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் சூறையாடியபோது சுகார்த்தோ அரசு ஒரே உத்தரவில் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. பூச்சிக்கொல்லி மானியத்தைப் படிப்படியாக ஒழித்தது. மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை, விவசாயிகளை வயலிலேயே உட்கார வைத்து நல்ல பூச்சி, கெட்ட பூச்சி எண்ணக் கற்றுக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகளில் போட்டார்கள். மகசூல் சரிந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். சரியவில்லை. பின்னால் கண்காணிப்பு தளர்ந்து மருந்து திரும்ப நுழைந்தபோது புகையானும் திரும்ப வந்தது. 2010, 2011ல் ஜாவா மறுபடியும் பட்டது.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதில் என்ன என்று தோன்றினால், உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை போட்டார்கள். மற்ற பயிர்களுக்கு என்று சொல்லிக் கடையில் அது பல வருஷம் தாராளமாக விற்றது. பருத்திக்கு வாங்கிய பாட்டில் பக்கத்துப் பாத்தியில் இருக்கும் கத்திரிக்குப் போகாமல் இருக்க, பாட்டிலுக்குப் படிக்கத் தெரியுமா?

நான் கேட்பது நாலே விஷயம். ஆலோசனை சொல்கிறவர் சீட்டு எழுதட்டும், விற்கிறவர் சீட்டைப் பார்த்து விற்கட்டும். மனுஷனுக்கு அப்படித்தானே சட்டம் வைத்திருக்கிறோம்? உதவி வேளாண் அலுவலரிடம் இருந்து மானியக் கோப்புகளை வாங்கி ஒரு கிளார்க்கிடம் கொடுங்கள், அவரை வயலுக்கு அனுப்புங்கள். யூரியாவுக்குக் கொடுக்கும் மானியத்தை விவசாயி கையில் ஏக்கர் கணக்கில் கொடுத்துவிட்டு, எந்த உரம் வாங்குவது என்பதை அவரும் மண்வள அட்டையும் முடிவு செய்ய விடுங்கள். இதைச் சொன்னால் விலை ஏறும் என்று எல்லாக் கட்சியும் சண்டைக்கு வரும், தெரியும். கடைசியாக, கடைக்காரர் கடனுக்கு மாற்றாகக் கூட்டுறவுச் சங்கத்தில் சின்னக் கடன், அதே அஞ்சு நிமிஷத்தில். இது இல்லாமல் மேலே சொன்ன மூன்றும் வெறும் பேப்பர்தான்.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில்தான் ஆரம்பித்தது. இன்று நாடு முழுக்க 700க்கு மேல். அது தவிர 2004ல் இருந்து கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551. இலவசம், தமிழில் பேசலாம், காலை ஆறு முதல் இரவு பத்து வரை. மாடித்தோட்டக்காரர்கள், உங்களையும்தான் சொல்கிறேன். 640 ரூபாய் தண்டம் கட்டுவதற்கு முன்னால் நான் அங்கே கூப்பிட்டிருக்கலாம். நம்பர் இருக்கிறது என்றே எனக்கு அப்போது தெரியாது. டானிக் பாட்டிலின் பெயர் மட்டும் விளம்பரம் பார்த்துப் பார்த்து மனப்பாடமாக இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது சித்தப்பா போன் பண்ணினார். ராத்திரி பத்தேகால்.

"தூர்ல பழுப்பா ரெண்டு மூணு தெரியுதுடா. கடையில ரெண்டு பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன்னான். வாங்கவா, வேணாமா?"

"எனக்கெப்படி சித்தப்பா தெரியும்? ஒரு நம்பர் தரேன், எழுதிக்கோங்க. காலைல ஆறு மணிக்குப் பேசுங்க. அதுவரைக்கும் வாங்காதீங்க."

எழுதிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கடை அஞ்சரைக்கே தொறந்துடுவான்டா" என்றார்.